பல் தஷ்ஹீத்: தமிழில் 'பாழாக்காமை'

உணவோ எண்ணெயோ துணியோ, பயன்படும் எதையும் கெடுத்துப் போடக் கூடாது என்பது யூத மரபில் ஒரு விதி. அதன் பெயர் 'பல் தஷ்ஹீத்'. எபிரேயத்தில் 'பல்' மறுப்புச் சொல். 'தஷ்ஹீத்' என்றால் 'நீ அழிப்பாய்'. சேர்த்துச் சொன்னால் 'அழிக்காதே'.

இந்த வீட்டு விதி பிறந்த இடம் போர்க்களம். ஒரு பட்டணத்தை நெடுநாள் முற்றுகையிட்டாலும் அங்குள்ள பழமரங்களைக் கோடரியால் வெட்டக் கூடாது என்கிறது எபிரேய வேதத்தின் ஐந்தாம் நூலான உபாகமம் (20:19). எபிரேய மூலத்தில் இருப்பது 'லோ தஷ்ஹீத்'; 'லோ'வும் மறுப்புச் சொல்தான். 'பல்' போட்டுச் சொல்வது பின்னால் வந்த ரபிகளின், அதாவது யூத மத அறிஞர்களின், வழக்கு. நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு இதைச் 'சேதம்பண்ணாயாக' என்கிறது. ஆனால் அடுத்த வசனமே, பழம் தராத மரங்களை வெட்டிக் கொத்தளம் கட்டலாம் என்று அனுமதிக்கிறது. அதனால் 'மரமே வெட்டாதே என்று வேதம் அன்றே சொல்லிவிட்டது' என்று மேடையில் முழங்குவது சரியான வாசிப்பு அல்ல. வசனம் சொன்னது கொஞ்சம். அதை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவந்தவர்கள் ரபிகள்.

ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த நூலான தல்மூதில் ரவ் சூத்ரா என்பவர் சொன்னதாக ஒரு வரி உண்டு: எண்ணெய் விளக்கை மூடி வைப்பவரும், நாப்தா (எளிதில் ஆவியாகும் எண்ணெய்) விளக்கைத் திறந்து வைப்பவரும் இந்த விதியை மீறுகிறார்கள். இரண்டிலும் எரிபொருள் வேகமாகத் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் காரணம். முற்றுகையும் கோடரியும் எங்கே, இரவில் எரியும் ஒரு விளக்கு எங்கே! எனக்கு மிகவும் பிடித்த வரி இது. என் சமையலறையில் இது தலைகீழாகப் பொருந்துகிறது: அங்கே மூடினால் எண்ணெய் வீண், இங்கே மூடாவிட்டால் கேஸ் வீண். பருப்பு கொதித்ததும் தட்டைப் போட்டு, அடுப்பைச் சிம்மில் வைக்கும்போதெல்லாம் ரவ் சூத்ரா நினைவுக்கு வருவார்.

12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் பட்டியலை இன்னும் நீட்டினார். பாத்திரத்தை உடைப்பது, துணியைக் கிழிப்பது, கட்டடத்தை இடிப்பது, நீரூற்றை அடைப்பது, உணவை வீணடிப்பது எல்லாம் இதில் சேரும். ஆனால் 'அழிக்கும் விதமாக' என்ற நிபந்தனையோடு. பிற மரங்களைக் கெடுக்கும் பழமரத்தை வெட்ட அவரே அனுமதிக்கிறார். தேவைக்கு எடுப்பது வேறு, கெடுத்துப் போடுவது வேறு.

சரி, சொல்லின் வேருக்கு வருவோம். 'தஷ்ஹீத்' பிறந்த ஷ்-ஹ்-த் என்ற இதே எபிரேய வேர்தான் ஆதியாகமம் 6:11இல் பூமி 'சீர்கெட்டதாயிருந்தது' என்ற இடத்திலும் வருகிறது. எரேமியா 18:4இல் குயவன் கையில் பாண்டம் 'கெட்டுப்போயிற்று' என்பதும் இதே வேர்தான். உருவான ஒன்று உருக்குலைந்து போவதே இதன் அடிப்படைப் பொருள். 'சுற்றுச்சூழல் சீர்கேடு' என்று இன்று நாம் எழுதும்போது, தெரியாமலேயே நோவா காலத்துப் பூமிக்குச் சொன்ன அதே சொல்லைக் கையாள்கிறோம்.

அப்புறம், தமிழில் இதற்கு எது சரியான சொல்? 'அழிக்காதே' பழத்தோப்புக்குப் பொருந்தும். தட்டில் மிஞ்சிய ஒரு பிடி சோற்றைக் கொட்டுவதை யாரும் அழிப்பது என்று சொல்வதில்லை. 'வீணாக்காதே' சோற்றுக்குச் சரி, வெட்டிச் சாய்த்த தோப்புக்குப் போதாது. 'விரயம்', 'சிக்கனம்' என்றால் பேச்சு காசுக்குப் போய்விடும்.

இரண்டு பக்கமும் எட்டுகிற சொல் 'பாழ்'. பாழ்நிலம் என்கிறோம், பாழுங்கிணறு என்கிறோம். 'இவ்வளவு சோறும் பாழாப் போச்சே' என்றும் சொல்கிறோம். ஊர் அளவுக் கேடும் தட்டளவுக் கேடும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. கொல்லாமை, கள்ளாமை என்று குறளின் அதிகாரப் பெயர்கள் இருக்கின்றன அல்லவா? அந்த வார்ப்பிலேயே விதியின் பெயரைப் 'பாழாக்காமை' என்று வைத்துக்கொள்ளலாம். உபாகம வசனத்தில் கட்டளையாக வரும் இடத்துக்குப் 'பாழாக்காதே'.