தரையை அடித்தால் அழுகை தீருமா?

குழந்தை தடுக்கி விழுந்தவுடன் பாட்டி ஓடி வந்து தரையை ஓர் அடி அடித்து, "எங்க தங்கத்தை ஏன் தள்ளிவிட்டே?" என்று அதட்டுவது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. அன்பினால் செய்வதுதான், நானும் அப்படித் தேற்றப்பட்டு வளர்ந்தவள்தான். ஆனால் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராகப் பணிபுரியத் தொடங்கிய பிறகு, வலித்தால் யாரையாவது அடிக்க வேண்டும் என்பதைக் குழந்தை அங்கிருந்தே கற்றுக்கொள்கிறதோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது.

மழலையர் பள்ளியில் மற்ற பிள்ளைகளை அடிக்கிறான் என்று நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்திருந்தார்கள். வரும்போதே பெருங்குரலில் அழுதுகொண்டிருந்தான். லிஃப்ட் பொத்தானை அவன் அழுத்துவதற்குள் அப்பா அழுத்திவிட்டார் என்பதுதான் காரணம். "அழுதா இந்த மேடம் ஊசி போட்டுடுவாங்க" என்றார் அப்பா. என் அறையில் ஊசியே கிடையாது. அழுகை சட்டென்று நின்றது. இறுக்கிய கைவிரல்கள் மட்டும் விரியவில்லை. அடுத்த அரை மணி நேரமும் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபத்தின் மேல் பயம் ஏறி உட்கார்ந்திருந்ததே தவிர, கோபம் தணியவில்லை.

உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர்ச்சி பெற இருபது வயதைத் தாண்டிவிடும் என்பதால், நான்கு வயதில் தானாக அமைதியடையத் தெரியாதது குறையன்று. 1931-இல் அமெரிக்க உளவியலாளர் ஃப்ளாரன்ஸ் குட்இனஃப், 45 குழந்தைகளின் கோப வெடிப்புகளை அவர்களுடைய தாய்மார்களைக் கொண்டே குறித்து வைக்கச் சொல்லி ஆராய்ந்தபோது, உணவு வேளைக்குச் சற்று முன்பும் உறங்கும் நேரத்தை ஒட்டியும் அவை மிகுந்திருந்தன. ஆகவே அடம் என்று முடிவு கட்டுவதற்கு முன், பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது தூங்கியது என்று பாருங்கள்.

அழுகை உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை காதில் ஏறாது. குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "நீ அமுக்கணும்னு நெனச்சே, அப்பா அமுக்கிட்டேன், அதான் கோபம் வந்துடுச்சு" என்று நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு அருகில் இருந்தால் போதும். "அப்படியென்றால் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமா?" என்று அந்த அப்பா கேட்டார். வேண்டியதில்லை. கோபப்படலாம், அடிக்கக் கூடாது என்று சொல்லிக் கையை மெல்லப் பிடித்துக்கொள்ளலாம். மறுத்த பொருளை அழுகைக்காகக் கொடுக்காமலும் இருக்கலாம். கைப்பேசியை நீட்டினால் அழுகை நிற்கும் என்பது உண்மையே. ஆனால் ஏமாற்றத்தைத் தாங்கிக் கடந்துவரும் பழக்கம் அதனால் வராது.

உணர்ச்சிகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பதற்கு அமைதியான நேரமே ஏற்றது. நம் பிள்ளைகள் பலருக்குக் 'கோபம்' தெரிகிற அளவுக்கு ஏமாற்றம், பொறாமை, வெட்கம் ஆகியவற்றின் பெயர்கள் தெரிவதில்லை. பள்ளி நாள்களில் மட்டும் காலையில் வரும் வயிற்றுவலி, சில வேளைகளில் சொல்லத் தெரியாத பயமாகவே இருக்கிறது. மருத்துவரிடம் காட்டி உடலில் கோளாறு இல்லையென்று உறுதி செய்த பிறகு, அந்தப் பயத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். 'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' என்று கேட்கும் வீடுகளில் சிறுவர்களுக்குக் கோபம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதையும் கைகளால்தான் பேசுகிறார்கள்.

நாம் கத்திவிடும் நாள்களும் வரும். சற்று நேரம் கழித்து, "அப்பா கத்தினது தப்பு, எனக்கும் கோபம் வந்துடுச்சு" என்று சொல்லுங்கள். பெரியவர் தம் கோபத்திலிருந்து எப்படி மீண்டு வருகிறார் என்பதைக் குழந்தை பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அது.

ஐந்து வயதைக் கடந்த பிறகும் நாள்தோறும் வெடிப்புகள் தொடர்ந்தாலோ, அவை வழக்கமாக அரை மணி நேரத்தைத் தாண்டினாலோ, குழந்தை தலையை மோதிக்கொண்டு தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்க வேண்டாம். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில், குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைக் கவனிக்கச் செயல்படும் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களை அணுகலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.