டிஸ்லெக்சியா: 'கற்றல் குறைபாடு' என்று சொல்வதை நிறுத்துவோம்

சென்ற வாரம் ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை என்னிடம் அழைத்துவந்தார். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் தனியாகச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நாற்காலியில் உட்காரும் முன்பே, "இவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதாம், டீச்சர்" என்றார். பையன் பக்கத்திலேயே நின்றான். சட்டைப் பொத்தானைத் திருகியபடி தரையைப் பார்த்தான். இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

அவர்கள் அப்படிச் சொல்வது டிஸ்லெக்சியாவை, அதாவது வாசிப்பில் வரும் இடரை. 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் கடினம், சீரின்மை. 'லெக்சிஸ்' என்றால் சொல், பேச்சு. துர்நாற்றம், துர்ப்பாக்கியம் போன்ற சொற்களில் நமக்குப் பழகிய வடமொழித் 'துர்' அந்த 'டிஸ்'ஸின் உடன்பிறப்பு. இரண்டையும் இணைத்து 1880களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். அவர் பார்த்தவர்கள் மூளைப் பாதிப்பால் வாசிக்கும் திறனை இழந்த பெரியவர்கள். பிறவியிலேயே வாசிப்பில் இடறும் ஒரு சிறுவனைப் பற்றி 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியவர் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர். அந்தப் பதினான்கு வயதுச் சிறுவனின் ஆசிரியர் சொன்னதையும் அதில் குறித்திருக்கிறார்: பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால், பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான்.

இதை எழுதி நூறாண்டுக்கு மேலாகிறது. நாம் இன்னும் அந்தச் சிறுவனுக்குக் 'கற்றல் குறைபாடு' என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறோம். காதால் கேட்டதையெல்லாம் கற்றுக்கொண்டவனுக்குக் கற்றலில் என்ன குறை?

முதல் பிழை, இனத்தின் பெயரை வகைக்கு வைத்தது. எழுதுவதில், கணக்கில், வாசிப்பில் எனப் பலவகை இடர்களுக்கும் பொதுவான பெயர் அது. மல்லிகையைக் கேட்டவருக்குப் 'பூ' என்று பதில் சொன்னால் விளக்கமாகுமா? இரண்டாவது பிழை இன்னும் கொடியது. 'குறைபாடு' என்றால் தமிழில் இருக்க வேண்டியது இல்லை என்று பொருள். இரும்புச் சத்துக் குறைபாடு என்கிறோம். சத்து போதவில்லை என்று புரிந்துகொள்கிறோம். கற்றல் குறைபாடு என்றதும் தாயின் மனத்தில் அதே கணக்குத்தான் ஓடும்: பிள்ளைக்கு மூளை போதவில்லை. அறிவுத்திறனுக்கும் இந்த இடருக்கும் தொடர்பில்லை என்று அதன்பின் நான் அரைமணி நேரம் விளக்க வேண்டியிருக்கிறது. பெயர் சரியாக இருந்தால் அந்த அரைமணியில் பையனோடு ஒரு பக்கம் வாசித்திருப்பேன்.

சிலர் 'எழுத்து மயக்கம்' என்கிறார்கள். காதுக்கு இனிமையாக இருப்பதால் இது வேகமாகப் பரவுகிறது. அதுதான் என் கவலை. தமிழ் இலக்கணத்தில் மயக்கம் என்பது ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். மெய்ம்மயக்கம் என்றால் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்து கூடுவது. அது குழப்பமன்று, மொழியின் ஒழுங்கு. வழக்கிலோ மயக்கம் என்றால் தலைசுற்றி விழுவது. இரண்டும் இங்கே பொருந்தாது. 'குழப்பம் என்ற பொருளில்தானே சொல்கிறோம்' என்பார்கள். அப்போதும் தவறுதான். எழுத்து கண்ணுக்கு மங்கியோ புரண்டோ தெரிவதுதான் சிக்கல் என்ற பழைய எண்ணத்தை அந்தப் பெயர் மறுபடி நட்டுவிடுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடர் இருப்பது ஒலியில். சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிப்பதும், ஒலியை எழுத்தோடு பொருத்துவதும், பொருத்தியதைச் சட்டென்று நினைவிலிருந்து எடுப்பதும்தான் அவர்களுக்குக் கடினம்.

இங்கே மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆங்கில 'b'யை 'd' என்று மாற்றி எழுதினால் கவனியுங்கள் என்று ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழில் இறக்கிவிடுகிறார்கள். எழுதப் பழகும் சின்னப் பிள்ளைகள் எல்லோருமே சில காலம் எழுத்தைத் திருப்பி எழுதுவார்கள். தமிழில் வாசிக்கும் பிள்ளையிடம் பார்க்க வேண்டியது வேறு. அன்றைக்கு அந்தப் பையன் 'தோட்டம்' என்பதைத் 'தேட்டம்' என்று வாசித்தான். 'தோ'வை உற்றுப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது இரட்டைக் கொம்பு, பிறகு 'த', கடைசியில் கால். ஒலியிலோ 'த்' முதலில் வருகிறது. முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு குறிகளும் சேர்ந்துதான் 'ஓ' ஆகின்றன. அவன் கொம்பையும் 'த'வையும் சேர்த்தான், காலை விட்டான். விரலால் காலைத் தொட்டுக் காட்டியதும் 'தோ' என்றான். அடுத்த வரியில் அதே சொல் வந்தபோது முதலிலிருந்து கூட்டத் தொடங்கினான்.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். தமிழில் எழுத்தும் ஒலியும் பெருமளவு ஒத்துப்போவதால் இப்பிள்ளைகள் பலர் தப்பாக வாசிப்பதைவிட மிக மெதுவாக வாசிப்பார்கள். வகுப்பில் மற்றவர்கள் சொல்லைப் பார்த்ததும் வாசிக்கும் வயதிலும் எழுத்துக் கூட்டியே படிப்பார்கள். முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிப்பார்கள். கதை சொல்லச் சொன்னால் மணியாகச் சொல்லி, உரக்க வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவார்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இது இருந்திருக்கலாம். காத்திருந்தால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். சீக்கிரம் தொடங்கினால் பயன் அதிகம். ஒலியைச் சொல்லி, எழுத்தைப் பார்த்து, மணலில் விரலால் எழுதி, எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக ஏற்றி, கற்றதைத் திரும்பத் திரும்பத் தொட்டுவரும் முறைக்கு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்கமும் அடித்தளம் போட்டார்கள். நானும் அந்த வழியில்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'வாசிப்பு இடர்ப்பாடு' என்பேன். 'டிஸ்'ஸுக்கு இடர்ப்பாடு நேர்ப்பொருள். வழியில் இடர் என்றால் நடப்பவனைக் குறை சொன்னதாகாது. 'இடர்' என்று மட்டும் சொன்னால் இப்போது வெள்ளம், புயல் நினைவுக்கு வருகிறது. அதனால் முழுச் சொல்லையே எழுதலாம். தூய தமிழ் அன்பர்கள் 'வாசிப்பு' வடமொழி வழி வந்ததாயிற்றே, 'படிப்பு' என்று வையுங்கள் என்பார்கள். தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். படிப்பு என்றால் புத்தகத்தை வாசிப்பதும் கல்வி முழுவதும் சேர்ந்துதான். 'படிப்பு இடர்ப்பாடு' என்று சொல்லிப் பாருங்கள், 'பையனுக்குப் படிப்பு வராது' என்றுதான் வீடு போய்ச் சேரும். 'ஓதல்' என்றால் மந்திரம் ஓதுவது நினைவுக்கு வரும்.

ஒன்றே ஒன்று. புணர்ச்சி விதி தெரிந்த யாராவது இதை 'வாசிப்பிடர்ப்பாடு' என்று சேர்த்து எழுதக்கூடும். இலக்கணப்படி சரிதான். ஆனாலும் இரண்டு சொல்லாகவே எழுதுங்கள். அந்தப் பையன் தன் பெயருக்கு நேரே எழுதியிருப்பதை ஒருநாள் எழுத்துக் கூட்டிப் படிப்பான்.