“கெட்ட வார்த்தை” என்றால் எது? எபேசியர் 4:29-ல் ஒரு சொல்

“கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்.” சென்னையில் ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் பலருக்கு இந்த வசனம் மனப்பாடம். கெட்ட வார்த்தை என்றால் எது என்று அவர்களைக் கேட்டால் தெருச்சண்டையில் காதில் விழுகிற வசைச்சொற்களைத்தான் நினைப்பார்கள். பெரியவர்கள் நினைப்பதும் அதையே. “அந்த மாதிரி சொல்லெல்லாம் என் வாயில் வராது” என்ற நிம்மதியில் வசனத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். எபேசு சபைக்கு எழுதிய கடிதத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய சொல்லின் வீச்சு இதைவிடப் பெரியது.

கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் சப்ரொஸ். புதிய ஏற்பாட்டில் இது 8 முறை வருகிறது. அதில் 7 முறை மரம், கனி, மீன் பற்றியது. பேச்சைக் குறிப்பது இந்த ஓரிடத்தில் மட்டும். அழுகிய, வீணாய்ப்போன, பயன்படாத என்பவை அதன் பொருள்கள். ஆபாசம் அதன் நேர்ப்பொருள் இல்லை.

தமிழ் மொழிபெயர்ப்பைக் குறை சொல்வதற்கில்லை. ‘கெடு’ என்ற வினையில் பிறந்த பெயரெச்சம்தான் ‘கெட்ட’. கெட்டுப்போன பால், கெட்டுப்போன மீன் என்று நாம் சொல்கிற அதே கெடுதல். ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியஸ் சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு உழைத்த புதிய ஏற்பாடு 1772-ல் அச்சேறியது. ஹென்றி பவர் முன்னின்று திருத்திய வேதாகமம் 1871-ல் வந்தது. சீர்திருத்த சபைகளில் இன்று வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு அந்த வழியில் வந்தது. அந்த நடையில் ‘கெட்ட வார்த்தை’க்குக் கெட்டுப்போன சொல் என்றே பொருள் கொள்ளலாம். பேச்சுவழக்கில்தான் அந்தத் தொடர் சுருங்கி, வசைச்சொல்லுக்கு மட்டும் பெயராகிவிட்டது.

அப்படியானால் வசையையும் ஆபாசத்தையும் வேதாகமம் எந்தச் சொல்லால் குறிக்கிறது? கொலோசெயர் 3:8-ல் ‘வம்புவார்த்தைகள்’ என்று இருக்கிறது. எபேசியர் 5:4-ல் வெறும் ‘வம்பு’. இரண்டு இடத்திலும் மூலச்சொல் வெட்கக்கேடான பேச்சைக் குறிக்கிறது. இன்று வம்பு என்றால் ஊர்க்கதை, வீண்சண்டை. (சங்கப் பாட்டில் ‘வம்ப மோரியர்’ என்றால் புதிதாய் வந்த மோரியர், அங்கே வம்பு புதுமை. சொற்கள் எவ்வளவு தூரம் நகர்ந்துவிடுகின்றன!) ஆக, பேச்சைப் பற்றிய இரண்டு சொற்கள் இடம் மாறி நிற்கின்றன. வேதாகமத்தின் வம்புவார்த்தையே நம் தெருவின் கெட்ட வார்த்தை. நாம் வம்பு என்று சொல்லும் ஊர்க்கதையோ வேதாகமத்தின் கெட்ட வார்த்தைக்குள் அடங்கும்.

பொருத்தமான தமிழ்ச்சொல்லைத் தேடினால் சமையலறையே நிறையத் தருகிறது. குழம்பு ஊசும், பால் திரியும், தக்காளி அழுகும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ஆனால் மிகச் சரியான சொல் வேதாகமத்துக்குள்ளேயே கிடக்கிறது. மத்தேயு 13:48-ல் வலையை இழுத்தவர்கள் நல்ல மீன்களைக் கூடையில் சேர்த்து, “ஆகாதவைகளை” எறிந்துபோடுகிறார்கள். அங்கேயும் மூலச்சொல் சப்ரொஸ்தான். அப்போதுதான் வலையில் வந்த மீன் அழுகியிருக்காது. உண்ண உதவாத மீன் அது. ‘ஆகாத’ என்ற தமிழ் அந்த நுணுக்கத்தைப் பிடித்துவிட்டது. உடம்புக்கு ஆகாது, இந்த நேரத்துக்கு ஆகாது என்று சொல்கிறோமே, அந்த ஆகாது. எபேசியர் 4:29-ஐ “ஆகாத வார்த்தை ஒன்றும் புறப்படவேண்டாம்” என்று ஒருமுறை மாற்றி வாசித்துப் பாருங்கள். வசனம் உடனே நம்மைப் பார்த்துத் திரும்பும்.

“பக்திவிருத்திக்கு ஏதுவான நல்ல வார்த்தை உண்டானால்” அதையே பேசுங்கள் என்கிற வசனத்தின் மறுபாதியும் இதற்கு ஒத்துவருகிறது. ‘பக்திவிருத்தி’ என்று மொழிபெயர்த்த சொல்லுக்கு மூலத்தில் வீடு கட்டுதல் என்று பொருள். பக்தி என்ற சொல் அங்கே ஒட்டியிருப்பதால், பேச்சில் ஒரு வசனமும் இரண்டு ஸ்தோத்திரமும் சேர்த்தால் போதும் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 1995-ல் வெளிவந்த இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘தேவைக்கு ஏற்றவாறு’ என்று சேர்த்திருக்கிறது. மூலத்திலும் தேவை என்ற சொல் உண்டு. நல்ல செங்கல்தான் என்றாலும், சுவர் கேட்காத இடத்தில் போட்டால் காலை இடறும்.

துக்க வீட்டில் இது தெளிவாகத் தெரியும். “எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்பது உபதேசமாகச் சரி. உடலை எடுக்கும் முன்பே, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொன்னால் ஆகாத வார்த்தை. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுவதை வெடியுப்பின்மேல் வார்த்த காடி (வினிகர்) என்கிறது நீதிமொழிகள் 25:20. மூலத்தில் அது சோடா வகை உப்பு. காடி பட்டால் பொங்கி நுரைக்கும், பிறகு இரண்டுமே உதவாது. பிள்ளைகளையும் உடைமையையும் இழந்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. போனால் பக்கத்தில் உட்காருங்கள், பெயர் சொல்லி அழைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுக்கு யார் பார்க்கிறார்கள் என்று வீட்டில் வேறொருவரிடம் விசாரியுங்கள்.

சபையில் ஆகாத பேச்சு அதிகம் நுழைவது ஜெபக்குறிப்பு வழியாக. “அந்தக் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க சிஸ்டர்” என்று தொடங்கும். ஏன் என்று கேட்குமுன்பே குடி, கடன், பெண்ணின் காதல் எல்லாம் வெளியே வந்துவிடும். கேட்பவர் ஜெபிக்கக்கூடும், ஆனால் அடுத்த ஞாயிறு அந்தப் பெண் ஆலய வாசலில் நுழையும்போது அத்தனை கண்களும் அவள் பக்கம் திரும்பும். அந்தக் குடும்பம் மெல்ல வேறு சபை தேடும். இதைத் தடுக்க வழி உண்டு. சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேளுங்கள்: “இதைச் சொல்லலாமா, யாரிடம் சொல்லலாம்?” அனுமதி கிடைத்தாலும் தேவையைச் சொல்லுங்கள், காரணத்தை விடுங்கள். “ஒரு சகோதரருக்கு வேலை வேண்டும்” என்ற ஒரு வரி ஜெபிக்கப் போதும். பழைய வேலை ஏன் போயிற்று என்பது ஆண்டவருக்குத் தெரியும். அனுமதி கிடைக்காவிட்டால் தனியாக ஜெபியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுமுன் இன்னொரு மடங்கு கவனம் வேண்டும். பதிவை அழிக்கலாம், படித்தவர் மனதிலிருந்தும், வேறு குழுவுக்குப் போன நகலிலிருந்தும் அழிக்க முடியாது.

கொலோசெயர் 4:6 பேச்சு “உப்பால் சாரமேறினதாய்” இருக்கட்டும் என்கிறது. உப்பு ருசிக்கு மட்டும் இல்லை, அழுகாமல் காக்கவும்தான். கருவாடு போடுகிறவர்கள் குடலையும் செவுளையும் நீக்கிக் கழுவி, சுமார் மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று போடுவார்கள். மீன் புதிதாக இருக்கும்போதே போடவேண்டும்; கெட்ட மீனில் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் அது திரும்பாது. “தப்பா நினைக்காதீங்க, அன்புலதான் சொல்றேன்” என்ற முன்னுரை பெரும்பாலும் அப்படிக் கடைசியில் கொட்டிய உப்பு. மீன் கெடுவது குடலிலும் செவுளிலும் தொடங்கும். பேச்சும் உள்ளே தொடங்கித்தான் கெடுகிறது. “இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்” என்று இயேசு சொன்னது, சப்ரொஸ் மரத்தையும் கனியையும் சொன்ன அதே பேச்சில்தான் (மத்தேயு 12:33, 34). ஆகவே சொல்லைத் திருத்துமுன், யாரைப் பற்றிப் பேசப்போகிறோமோ அவர்மேல் நமக்குப் பழைய மனத்தாங்கல் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இருந்தால் அன்றைக்குப் பேசவேண்டாம். முதலில் மத்தேயு 18:15 சொல்கிறபடி அவரிடமே, இருவரும் தனித்திருக்கையில் போகவேண்டும். சாட்சிகளை அழைப்பது அதற்குப் பின், சபைக்குச் சொல்வது அதற்கும் பின். நடைமுறையில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள்.

நாவடக்கம் என்ற சொல்லையும் இங்கே தொடாமல் விட முடியாது. யாக்கோபு 1:26-ல் “நாவை அடக்காமல்” என்ற இடத்தில் மூலம் கடிவாளமிட்டு நடத்துவதைச் சொல்கிறது. கடிவாளம் குதிரையை நிறுத்தவும் செய்யும், போகவேண்டிய பக்கம் திருப்பவும் செய்யும். வாய்ப்பூட்டு வேறு. சங்கீதம் 39:1-ல் தமிழில் கடிவாளம் என்று இருந்தாலும் எபிரேயச் சொல் வாய்ப்பூட்டுதான். அந்தச் சங்கீதக்காரர் நலமானதைக்கூடப் பேசாமல் இருந்து துக்கம் அதிகமானது என்று அடுத்த வசனமே சொல்கிறது. கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் போதகரிடம் வந்து சொல்லும்போது “நாவை அடக்கு மகளே, குடும்ப விஷயம்” என்று அனுப்புவது வசனத்தை வாய்ப்பூட்டாக்குவது. “ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற” என்பதும் வேதம்தான் (நீதிமொழிகள் 31:8).

புகாருக்கும் புறங்கூறலுக்கும் வேறுபாடு காண 1 கொரிந்தியர் 1:11 உதவும். கொரிந்து சபையில் பிரிவினை இருப்பதாகக் குலோவேயாளின் வீட்டார் பவுலுக்கு அறிவித்தார்கள். அதைச் சரிசெய்யக்கூடியவரிடம் சொன்னார்கள். பவுலும் சொன்னது யார் என்பதைக் கடிதத்தில் மறைக்காமல் எழுதினார். அந்தக் கடிதம் சபைக்கே போனது. “நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்று பேச்சு முடிகிற இடத்தில், உயிருக்கோ வாழ்வுக்கோ பயந்து சொல்கிறவர் தவிர மற்ற யாரும், கூடையில் இருப்பது எந்த மீன் என்று ஒருமுறை செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.