வெளிநாட்டு சிம்மில் கால் போகவில்லையா? முதலில் நம்பரைப் பாருங்கள்

தோல் வியாபாரமாக இத்தாலி, ஜெர்மனி போகும் ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள், மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அப்பா அம்மாக்கள். வேலூரில் எங்கள் கடைக்கு டிராவல் சிம் கேட்டு வருவது பெரும்பாலும் இவர்கள்தான். இறங்கியதும் வாட்ஸ்அப்பில் வரும் புகாரும் அநேகமாக ஒன்றுதான்: "நெட் வருது, கால் போகல. சிம் டூப்ளிகேட்டா?"

சிம்மில் கோளாறு இருப்பது அபூர்வம். நம்பரைப் போனில் எப்படிச் சேமித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆம்பூர் லேண்ட்லைனை 04174 என்றே பதிந்திருப்போம். மிலானில் நின்று அதை அப்படியே அழுத்தினால் அங்குள்ள நெட்வொர்க் உள்ளூர் நம்பர் என்று நினைத்துத் தேடும். முன்னால் இருக்கும் 0 போய் +91 வர வேண்டும்: ஆம்பூருக்கு +91 4174, வேலூருக்கு +91 416. செல் நம்பர் என்றால் +91, அப்புறம் பத்து இலக்கம். 0 பட்டனை அழுத்திப் பிடித்தால் + வரும். ஐரோப்பாவில் 00, அமெரிக்காவில் 011 என்று நாட்டுக்கு நாடு மாறுவதை நினைவில் வைக்கத் தேவையில்லை. + எங்கும் செல்லும். இத்தாலியில் ஒரு வில்லங்கம் உண்டு. அந்த நாட்டு லேண்ட்லைனுக்கு 0-வை எடுக்கக் கூடாது. மிலான் ஹோட்டலுக்கு +39 02 என்றுதான் போட வேண்டும்.

அடுத்தது கால்பேக் முறை. சில டிராவல் சிம்களில் நீங்கள் நம்பரை அழுத்தியதும் இணைப்பு தானே துண்டாகும். சில விநாடிகளில் உங்கள் போனே மணி அடிக்கும். எடுத்தால்தான் மறுமுனைக்கு இணைக்கும். மிலானுக்குப் போன ஒரு பாய்க்கு இது தெரியாது. கட் ஆனதும் மறுபடி அழுத்துவார். நடுவில் வந்த அழைப்பைப் பார்த்து "யாரோ ராங் நம்பர்" என்று அதையும் வெட்டிவிடுவார். சிம் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. வாங்கும்போதே "இது கால்பேக் சிம்மா?" என்று கேட்டுவிடுங்கள்.

கால் போயும் வீட்டில் எடுக்காத கதையும் உண்டு. டிராவல் சிம்கள் பலவற்றின் நம்பர் பிரிட்டனின் +44 அல்லது எஸ்டோனியாவின் +372-இல் தொடங்கும். மோசடி அழைப்பு பற்றிக் கேட்டுக் கேட்டு நம் வீட்டில் இப்போது தெரியாத வெளிநாட்டு நம்பரை யாரும் தொடுவதில்லை. அது சரியான பழக்கம்தான், மாற்றச் சொல்லாதீர்கள். கிளம்பும் முன் புது நம்பரை அவர்கள் போனில் பெயரோடு பதிந்து கொடுத்துவிடுங்கள்.

விலை மலிவாக வரும் இசிம்கள் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்கள்) பலவும் டேட்டாவுக்கு மட்டுமே. அவற்றில் சாதாரண கால் போகவே போகாது. வாட்ஸ்அப் காலே கதி. துபாய் போகிறவர்களுக்கு அதுவும் கைகொடுக்காது, அங்கே வாட்ஸ்அப் காலுக்குத் தடை இருக்கிறது. டேட்டா பேக் வேறு, பேசும் பேலன்ஸ் வேறு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிம் போட்ட போனில், காலுக்கு எந்த சிம் என்ற செட்டிங்கில் இந்திய சிம்மே இருந்தால், ஒன்று கால் போகாது, இல்லையேல் ரோமிங் கட்டணம் தலையில் விழும். அதற்காக இந்திய சிம்மைக் கழற்றி எறிய வேண்டாம், பேங்க் ஓடிபி அதில்தான் வரும்.

அமெரிக்காவுக்குப் பழைய போனைக் கொண்டுபோகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பெரிய கம்பெனிகள் 2022-இலேயே 3ஜியை நிறுத்திவிட்டன. போனிலும் சிம்மிலும் வோல்ட்டி (VoLTE, 4ஜி நெட்வொர்க்கிலேயே கால் பேசும் வசதி) ஓடாவிட்டால் நெட் ஜோராக வரும், கால் மட்டும் போகாது. இங்கேயே செட்டிங்கில் வோல்ட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

பேங்கின் 1800 நம்பரை அங்கிருந்து அழுத்திவிட்டு சிம்மைத் திட்டுகிறவர்களும் உண்டு. இந்த இலவச நம்பர்கள் பொதுவாக வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து கூப்பிட பேங்குகள் +91-இல் தொடங்கும் தனி நம்பர் வைத்திருக்கின்றன. அதை ஊரில் இருக்கும்போதே எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.