சென்சரி ரூமில் ரிமோட்டைக் குழந்தையிடம் கொடுங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த முதல் தப்பு, சென்சரி ரூமில், அதாவது புலன்களுக்கான ஒளி, ஒலி, தொடு கருவிகள் வைத்த அறையில், எல்லா சுவிட்சையும் போட்டதுதான். ஆறு வயதுப் பையன், ஆட்டிசம் உள்ளவன், அன்றுதான் முதல் தடவையாக வருகிறான். அவனை அசத்திவிட வேண்டும் என்று பபிள் டியூப் (உள்ளே குமிழிகள் ஏறும், விளக்குப் போட்ட தண்ணீர்க் குழாய்), கூரையில் நகரும் புரொஜெக்டர் படம், நிறம் மாறும் ஃபைபர் ஆப்டிக் இழைகள், கூடவே மெல்லிய இசை என்று அத்தனையையும் ஓடவிட்டு, கதவைத் திறந்து "உள்ளே வா" என்றேன். அவன் வாசலைத் தாண்டவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்தி, முதுகைச் சுவரோடு ஒட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். அமைதிக்கென்றே கட்டிய அறை அது, அவனை அப்படி நிற்க வைத்தது நான்.

அன்றாட வேலைகளைத் தாமே செய்யக் குழந்தைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இத்தனை வருடம் ஓடிவிட்டது, அந்த வாசல் காட்சி மட்டும் மறக்கவில்லை. இப்போது நிறையப் பள்ளிகளிலும் மையங்களிலும் சென்சரி ரூம் வந்துவிட்டது, பெற்றோரும் "அங்கே சென்சரி ரூம் இருக்கிறதா?" என்று கேட்டுத்தான் சேர்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அறையில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று கேட்கிறவர்கள், அதன் ரிமோட் யார் கையில் இருக்கும் என்று கேட்பதில்லை.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குப் புலன்கள் வேலை செய்யும் அளவு நம்மைப் போல இருக்காது. மிக்சி சத்தம் ஒரு குழந்தைக்குத் தலைக்குள் துளை போடுவது மாதிரி இருக்கும். இன்னொரு குழந்தை கீழே விழுந்து முழங்கால் சிராய்த்தால்கூடத் திரும்பிப் பார்க்காது. ஒரே குழந்தைக்கு சத்தம் அதிகமாகவும் தொடு உணர்வு குறைவாகவும் ஏறலாம், காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி இருக்கலாம். இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1943-இல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதியபோதே, வாக்குவம் கிளீனரையும் லிஃப்டையும் கண்டு மிரளும் குழந்தைகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இருந்தும் 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில்தான், புலன்களுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றாக இடம்பிடித்தது. எழுபது வருடம்!

ஐம்புலன் என்று பள்ளியில் படித்ததோடு நிறுத்திக்கொள்ள முடியாது, எங்கள் வேலையில் இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்வோம். உள்காதிலிருந்து வரும் சமநிலை உணர்வு ஒன்று. கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வு இரண்டாவது. பசி, மூத்திரம் முட்டுவது, நெஞ்சு படபடப்பது போன்ற உடம்புக்குள்ளிருந்து வரும் சேதி மூன்றாவது. வகுப்பில் நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருக்கும் குழந்தையும், வந்து வந்து மேலே மோதும் குழந்தையும் பெரும்பாலும் முதல் இரண்டையும்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் அதற்குச் சேட்டை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

சென்சரி ரூம் என்ற யோசனை 1970-களில் நெதர்லாந்தில் பிறந்தது. கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுடன் வேலை செய்த யான் ஹுல்செகே, ஆட் வெர்ஹெல் என்ற இருவர் அதை ஸ்னூசெலன் என்ற பெயரில் வளர்த்தெடுத்தார்கள். மோப்பம் பிடித்துத் தேடுவது, கண் சொக்குவது ஆகிய இரண்டுக்குமான டச்சுச் சொற்களை ஒட்டவைத்த வார்த்தை அது. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது பாருங்கள்: தானாகத் தேடிப் பார்க்கலாம், சும்மா சாய்ந்தும் கிடக்கலாம். யாரும் பாடம் நடத்தப்போவதில்லை. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க தெரபிஸ்ட் உருவாக்கிய சென்சரி இன்டெக்ரேஷன் தெரபி வேறு. அதில் இலக்கு உண்டு, ஊஞ்சலும் ஏறுபலகையும் வைத்துத் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை அது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "வாரம் ரெண்டு தடவை சென்சரி ரூம், ஆறு மாசத்தில் பேச்சு வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறை ஆட்டிசத்தைக் குணப்படுத்தாது, அதன் வேலையும் அது இல்லை.

சரி, ரிமோட்டுக்கு வருகிறேன். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 4 முதல் 12 வயது வரையிலான ஆட்டிசம் உள்ள 41 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். அதே சென்சரி ரூம், அதே கருவிகள். ஒரு முறை ஒளி, ஒலி, தொடு கருவிகளை மாற்றும் கட்டுப்பாடு குழந்தையிடம் இருந்தது, இன்னொரு முறை இல்லை. கட்டுப்பாடு கையில் இருந்தபோது குழந்தைகளின் கவனம் கூடியது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளும் குரல் எழுப்புவதும் குறைந்தன. அதைப் படித்தபோது எனக்கு அந்த வாசல் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

அவன் இரண்டாம் தடவை வந்த அன்று எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் மட்டும். கதவை முழுசாகத் திறந்து வைத்து, பபிள் டியூபின் நான்கு நிற பட்டன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நான் மூலையில் போய் உட்கார்ந்தேன். அம்மா வாசலில். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் காலால் பெட்டியைத் தள்ளிப் பார்த்தான். சிவப்பு பட்டனை அழுத்தி, டியூப் சிவந்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். மறுபடி பச்சை, அப்புறம் நீலம். நீலத்தில் நின்றுவிட்டான். கன்னத்தை டியூபில் வைத்து, குமிழிகள் ஏறும் அதிர்வைக் கேட்டுக்கொண்டே அரைமணி நேரம் இருந்தான், வேறு நிறத்தைத் தொடவே இல்லை. "மேடம், வீட்டுல இவன் இவ்வளவு நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்ததே இல்ல" என்று அம்மா ரகசியக் குரலில் சொன்னார். அடுத்த ஆறு வாரமும் நீலம்தான். மஞ்சளைக் காட்டலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

இசையை அவன் கடைசிவரை வேண்டாமென்றுதான் இருந்தான். ஆனால் முதல் நாள் காதைப் பொத்தியது இசைக்காக மட்டும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது: புரொஜெக்டரின் மின்விசிறி. நாம் கவனிக்கவே கவனிக்காத ஒரு ‘ங்ங்ங்’ சத்தம். புதிதாக அறை அமைக்கிறவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். எது உறுமுகிறது, எது நாறுகிறது என்று தெரியும். ரூம் ஃப்ரெஷ்னர் வேண்டாம். நாம் பூசிக்கொள்ளும் சென்ட்டும் வேண்டாம். பபிள் டியூபில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் வரும் வாடையை நமக்கு முன்னால் குழந்தை கண்டுபிடித்துவிடும்.

எல்லாக் குழந்தைக்கும் இருட்டும் நீல வெளிச்சமும் தேவைப்படாது. என்னிடம் வந்த ஒரு சிறுமிக்கு அந்த அறை போரடித்தது, நேராக ஊஞ்சலுக்குத்தான் ஓடுவாள், அங்கிருந்து மெத்தையில் தொப்பென்று விழுவாள், மறுபடி ஊஞ்சல். அவளுக்கு அதுதான் நிதானம். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. முன்னும் பின்னும் மெதுவாக, ஒரே தாளத்தில் ஆடினால் உடம்பு தணியும். கரகரவென்று சுற்றினால் கிளர்ச்சிதான் ஏறும், ஊஞ்சலை விட்டு இறங்கியதும் அதன் தாக்கம் நின்றுவிடாது, நேரம் கழித்து வாந்தியாகவோ எரிச்சலாகவோகூட வெளிப்படலாம். குழந்தை சிரிக்கிறதே என்று சுற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

வலிப்பு வரும் குழந்தையா என்று கேட்காமல் மினுக்கும் விளக்கைப் போடவே கூடாது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம். உடம்பை அழுத்துவதற்காக உள்ளே எடை வைத்துத் தைத்த போர்வை கொடுத்தால், குழந்தை தானாக விலக்கித் தள்ள முடிகிறதா என்று முதலில் பாருங்கள், முடியாவிட்டால் அது போர்வை இல்லை, கட்டு. தூக்கத்துக்கு அதை நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2014-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் அந்தப் போர்வையால் குழந்தைகளின் தூக்க நேரம் கூடவில்லை. ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. "சேட்டை பண்ணினால் சென்சரி ரூம் கிடையாது" என்று அதைப் பரிசாக ஆக்குவதும், கத்துகிற குழந்தையை இழுத்துப்போய் உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவதும். இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாத்திய கதவுக்குப் பின்னால் எத்தனை வண்ண விளக்கு இருந்தாலும் அது தனிச்சிறைதான். மெல்ட்டவுன், அதாவது குழந்தை தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து வெடிப்பது, உச்சத்தில் இருக்கும்போது புது வெளிச்சமும் புது சத்தமும் எரிகிற தீயில் எண்ணெய். அந்த நேரத்துக்கு வேண்டியது இருட்டு, அமைதி, பேசாமல் பக்கத்தில் ஒரு ஆள். அறையின் உண்மையான நேரம் அதற்கு முன்னால்: குழந்தை கையை உதற ஆரம்பிக்கும்போது, குரல் ஒரு படி ஏறும்போது, மேசைக்கு அடியில் புகப் பார்க்கும்போது. பேசாத குழந்தைக்கு அறையின் படம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து வையுங்கள். அதை நீட்டினால் காரணம் கேட்காமல் எழுந்து கூடவே போங்கள்.

வீட்டில் இதற்கெல்லாம் தனி அறை வேண்டுமா என்று கேட்பார்கள். மேசைக்கு மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தி, உள்ளே இரண்டு தலையணையும் குழந்தையே போட்டு அணைக்கிற ஒரு டார்ச்சும் வைத்தால் போதும். தம்பி தங்கை உட்பட யாரும் கேட்காமல் உள்ளே நுழையக்கூடாது என்பதுதான் கஷ்டமான பகுதி, டார்ச் இல்லை.

வெளியே வருவதும் ஒரு வேலை. டக்கென்று ட்யூப்லைட்டைப் போட்டு "டைம் முடிஞ்சது, கிளம்பு" என்றால் உள்ளே சேர்த்ததெல்லாம் வாசலிலேயே போய்விடும். நான் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துக் குழந்தையின் கண்ணில் படும்படி வைப்பேன், திரையை ஒரு சாண் விலக்குவேன், மணல் தீர்ந்ததும் அணைக்கிற வேலையைக் குழந்தையிடமே விடுவேன். நீலப் பையன் சில நாள் அணைத்துவிட்டு உடனே மறுபடி போடுவான், ஒரு தடவை பார்ப்பான், அப்புறம்தான் நிஜமாக அணைப்பான். அந்த ஒரு நிமிடத்துக்கு அடுத்த குழந்தையின் பெற்றோர் வெளியே காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.