நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் நடுவே

“ஆசையே துன்பத்துக்குக் காரணம்” என்று புத்தர் சொன்னதாகப் படித்திருப்போம். அது பாதிதான் சரி. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அந்தச் சொல் ‘தண்ஹா’, நேர்ப்பொருள் தாகம். மணிமேகலை அதை ‘வேட்கை’ என்கிறது. நீர்வேட்கை என்கிறோமே, அதே வேட்கைதான். மகள் நன்றாகப் படிக்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும் என்பதுபோன்ற நல்ல விருப்பங்களுக்குப் பாலியில் ‘சந்த’ என்று வேறு சொல் உண்டு. அவற்றை யாரும் விடச் சொல்லவில்லை.

துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும் சங்கிலியின் கண்ணிகளை நிதானங்கள் என்பார்கள். மணிமேகலை சொல்லும் பன்னிரண்டு நிதானங்களில் நமக்கு இங்கே நான்கு போதும்: ஊறு, நுகர்ச்சி, வேட்கை, பற்று.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி, பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸுக்குள் நடக்கிறீர்கள். வடை பொரியும் வாசனை மூக்கில் படுகிறது; அது ஊறு. ‘நல்லா இருக்கே’ என்று ஓர் இதம், அது நுகர்ச்சி. வாயில் எச்சில், நெஞ்சில் சின்ன இழுப்பு, கால் கடைப் பக்கம் திரும்புகிறது; அது வேட்கை. ‘வடை இல்லாமல் தே தாரிக் இறங்காது’ (தே தாரிக் என்பது மலேசியாவின் ஆற்றிய பால் தேநீர்) என்று மனம் தீர்ப்பு எழுதிவிட்டால் பற்று. எல்லாம் ஓரிரண்டு நொடிக்குள். மூக்கு இருக்கும்வரை முதல் இரண்டையும் தடுக்க வழியில்லை. சங்கிலியை அறுக்க முடிந்த இடம் நுகர்ச்சிக்கும் வேட்கைக்கும் நடுவில்தான்.

மூளை ஆய்வும் இந்த இரண்டையும் பிரித்தே காட்டுகிறது. அமெரிக்க மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் குழுவினரின் சோதனையில், டோபமைன் என்ற மூளை இரசாயனம் அநேகமாக வற்றிப்போன எலிகள் தாமாக உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் நாக்கில் சர்க்கரை நீர் பட்டபோது வழக்கம்போல் ரசித்து உதட்டை நக்கின. ரசிப்பது வேறு, இழுக்கப்படுவது வேறு. ரசிப்பு குறைந்தபின்பும் இழுப்பு மட்டும் வளரலாம். பத்தாவது சிகரெட் ருசிக்காது என்று தெரிந்தும் கை பாக்கெட்டுக்குப் போவது இதனால்தான்.

இந்த நடுவிடத்தைக் கவனிக்கும் பயிற்சிக்கு, பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ பரப்பிய தியான முறை தொடங்குபவர்களுக்கு எளிது. தரையில் உட்கார்ந்தால் பிட்டத்துக்கடியில் நாலு விரல் உயரத்துக்கு மெத்தை வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். நாற்காலியானாலும் குறையில்லை. மூச்சில் வயிறு எழும்போது மனத்துக்குள் ‘எழுகிறது’, தாழும்போது ‘தாழ்கிறது’ என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணம் வந்தால் ‘நினைக்கிறது’, பிறகு வயிற்றுக்குத் திரும்புங்கள். 15 நிமிடம் உட்கார்ந்தால் 15 நிமிடம் மெதுவாக நடக்கவும் வேண்டும். பலர் நடையைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். தூக்கம் சொக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடிக்கடி நடக்கும் தவறு, மூச்சை இழுத்து விட்டு ஓட்டுவது. மார்பு இறுகும், தலை சுற்றும். மூச்சு தன் போக்கில் போகட்டும். மூச்சு விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தானே சற்றுக் குறையும். நாம் தள்ள வேண்டியதில்லை. இன்னொரு தவறு, ‘எழுகிறது, தாழ்கிறது’ என்பது மந்திரமாகிப் போவது. சொல் ஓடிக்கொண்டிருக்கும், வயிறு மறந்துபோயிருக்கும். கவனத்தில் பத்தில் ஒரு பங்கு சொல்லுக்கு, மீதி உடம்புக்கு.

பிரிக்பீல்ட்ஸிலேயே 1894-இல் தொடங்கிய பௌத்த மகா விகாரை இருக்கிறது. அங்கே அமைதியாக உட்கார்வது ஒத்திகைதான். அரங்கேற்றம் வடைக் கடை வாசலில். இழுப்பு வந்ததும் அடக்காதீர்கள், உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொண்டையிலா, வயிற்றிலா? சூடா, இறுக்கமா? ‘வேண்டும், வேண்டும்’ என்று குறித்துக்கொண்டே நின்றால் அலைபோல் ஏறி, உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அமெரிக்க மனநல மருத்துவர் ஜட்சன் ப்ரூவரின் குழு 2011-இல் புகைப்பழக்கம் உள்ள 88 பேரிடம் இதைச் சோதித்தது. 17 வாரம் கழித்துப் பார்த்தபோது கவனப் பயிற்சி பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர் புகையில்லாமல் இருந்தார்கள். வழக்கமான பயிற்சிக் குழுவில் 6 விழுக்காடு. சிறிய ஆய்வு, அதனால் ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

சூட்சுமமான வேட்கை ஒன்று பாக்கி: ‘இன்றைக்கு மனம் அமைதியாகியே தீரவேண்டும்’. வேண்டாததை ஒழிக்கத் துடிப்பதையும் புத்தர் ‘விபவ தண்ஹா’ என்று தண்ஹாவிலேயே சேர்த்தார். அது தலைகாட்டினால் அதற்கும் ‘வேண்டும்’ என்றே பெயர் வைத்துவிட்டு வயிற்றுக்குத் திரும்பலாம். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களுக்கு வயிறு வேண்டாம். கண்ணைத் திறந்து, உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனிப்பது பாதுகாப்பு.