ஸ்போர்ட்ஸ் அஃபிஷியல்: அதிகாரியா, நடுவரா?

களத்தில் தீர்ப்புச் சொல்பவரைத் தாக்குவோரையும் மிரட்டுவோரையும் தண்டிக்கும் சட்டங்களைத் தமிழில் விளக்கப் புகுந்தால், ‘ஸ்போர்ட்ஸ் அஃபிஷியல்’ என்ற தொடருக்கு ‘விளையாட்டு அதிகாரி’ என்றே முதலில் எழுதத் தோன்றும். அது பொருந்தாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் மேசைக்குப் பின்னால் அமர்ந்து கோப்பில் கையெழுத்திடுபவர்தான் நினைவுக்கு வருவாரே தவிர, ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குத் திரும்பும் வழியில், விசில் இன்னும் கழுத்தில் தொங்க, சட்டையைப் பிடித்து இழுக்கப்படுபவர் வரமாட்டார்.

‘அஃபிஷியல்’ என்பதன் லத்தீன் வேருக்குக் கடமை, பணி என்பதே பொருள். அதிகாரம் பின்னால் வந்து ஒட்டியது. கலிபோர்னியத் தண்டனைச் சட்டத்தின் 243.8ஆம் பிரிவும் பதவிப்பெயரைவிடப் பணியையே பார்க்கிறது: ரெஃப்ரி, அம்பயர், லைன்ஸ்மேன் ஆகியோரோடு, வேறு பெயரில் அதே வேலையைச் செய்பவரையும், நடுவர்களுக்குப் பயிற்சி தரும் அமைப்பொன்றில் பதிவு பெற்றிருந்தால், அது சேர்த்துக்கொள்கிறது. ஆட்டத்தின்போதோ, அதற்குச் சற்று முன்போ பின்போ, அவர் பணியில் இருப்பதை அறிந்தோ, அறிந்திருக்க வேண்டிய நிலையிலோ தாக்கியவருக்கு ஓராண்டு வரை சிறையோ 2,000 டாலர் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

‘அம்பயர்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. எவருக்கும் சோடியில்லாத மூன்றாமவர் என்பது அதன் மூலப்பொருள். முதலில் இருந்த ‘ந்’ ஒலி, ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்ற பொருளில் முன்னால் நிற்கும் ‘எ’ என்ற சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டதால் உதிர்ந்துவிட்டது. ‘ரெஃப்ரி’ என்றால், யாரிடம் முடிவு விடப்படுகிறதோ அவர். கால்பந்தில் 1891 வரை அணிக்கு ஓர் அம்பயர் இருந்தார். அவ்விருவரும் ஒத்துப்போகாதபோது மட்டுமே வெளியில் நின்ற ரெஃப்ரியிடம் முடிவு விடப்பட்டது.

இரண்டுக்கும் ‘நடுவர்’ என்ற ஒரு சொல்லே போதும். நடுவில் நிற்றலும் ஒருபக்கம் சாயாமையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ‘நடுவன்’ எமனுக்கும் பெயர். தோற்ற அணியினருக்கு அது பொருத்தமாகவே படக்கூடும். பொது வழக்கில் பட்டிமன்ற நடுவரும் உண்டாகையால், சட்டம் பற்றிய எழுத்தில் ‘ஆட்ட நடுவர்’ என்று குறிப்பது தெளிவு.

கூடவே வரும் சொற்களையும் பிரித்தாள வேண்டும். ‘கண் தெரியலையா?’ என்று கூட்டத்திலிருந்து எழும் கூச்சல் வசவு. நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து ஏசுவது துன்புறுத்தல். ‘வெளியே வா, பார்த்துக்கொள்கிறேன்’ என்பது மிரட்டல். பிரான்சில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் நடுவரைப் பொதுப்பணி ஆற்றுபவராகக் கருதுவதால், அடிக்கு மட்டுமன்றி, குற்றம் செய்வதாக விடுக்கும் மிரட்டலுக்கும் அங்கே தண்டனை கூடுகிறது.